சைலன்சர் புகை: நிறத்தோடு நேரத்தையும் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சைலன்சர் புகையைப் பற்றியவை. பலர் நிறத்தை மட்டும் எழுதிவிட்டு, 'என்ன கோளாறு?' என்று கேட்டிருக்கிறார்கள். நிறம் எது எரிகிறது என்பதைத்தான் சொல்லும். அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரிய, புகை எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, ஆயில், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில் மூன்றில் எது குறைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இவற்றைத் தெளிவாக எழுதியவர்களின் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை குப்பென்று வருகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு நாள் முழுக்க ஒன்றும் இல்லை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் வால்வு சீல் பழுதின் அடையாளம். அதற்கு இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

சிலிண்டர் ஹெட்டில் வால்வின் தண்டு மேலும் கீழும் போய்வரும் குழல்தான் வால்வு கைடு. அதன் தலையில் தொப்பிபோல ஒரு சிறிய ரப்பர் சீல் இருக்கும். மேலே தெறிக்கும் ஆயில் தண்டு வழியே கீழே இறங்காமல் தடுப்பது அதன் வேலை. பல ஆண்டுச் சூட்டில் ரப்பர் இறுகிப்போனால், வண்டி இரவில் நிற்கும்போது ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி வால்வின் முதுகிலும் பிஸ்டன் தலையிலும் தேங்கும். காலையில் அது எரிந்து தீரும்வரை புகை. தீர்ந்ததும் நின்றுவிடும்.

உறுதி செய்துகொள்ள இன்னொரு சோதனை உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நீளமான இறக்கத்தில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு 20, 30 நொடி இறங்குங்கள். பிறகு மிதியுங்கள். பின்னால் வரும் வண்டியில் இருப்பவருக்கு, மிதித்த அந்தக் கணத்தில் நீலப் புகை திரளாகத் தெரிந்தால் சீல்தான். ஆக்ஸிலரேட்டரை விட்டால், காற்று வரும் வழியில் இருக்கும் தடுப்பான த்ராட்டில் மூடிக்கொள்ளும். இன்டேக் பக்கம், அதாவது காற்று நுழையும் பக்கம், உறிஞ்சும் விசை கூடி, தளர்ந்த சீல் வழியே ஆயிலை இழுக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி வேறு மாதிரி. மேட்டில் ஏறும்போதும் முழு பாரத்தோடு இழுக்கும்போதும் அது விடாமல் புகைக்கும்.

ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றலாம். அந்த சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றை ஏற்றினால் வால்வுகள் கீழே விழாமல் நிற்கும். பிறகு ஸ்பிரிங்கை அமுக்கி, லாக் இரண்டையும் எடுத்து, பழைய சீலைப் பிடுங்கலாம். காற்று ஏறியதும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழலப் பார்க்கும். வண்டியை கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிடுவது நல்லது. 16 வால்வு இன்ஜினென்றால் பதினாறையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். இன்டேக் சீலும் எக்ஸாஸ்ட் சீலும் பல இன்ஜின்களில் வெவ்வேறு நிறத்தில் வரும். இடம் மாற்றிப் போடக் கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றியதும் வால்வின் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் கைடும் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் புதிய சீல் அதிக நாள் தாங்காது. ஹெட்டைக் கழற்றி கைடு மாற்றுவதுதான் வழி.

கேள்வி: வண்டி 1,000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குடிக்கிறது. ஓடும்போது லேசான நீலப் புகை. ரிங் போய்விட்டதென்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்) நன்றாக இருக்கிறதே என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அதற்கு முன்பு ஒரு சின்ன பாகத்தைப் பார்த்துவிடுவோம்.

பி.சி.வி. வால்வு. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் வால்வு இது. அடைத்துக்கொண்டால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறி, ஆயிலை இடுக்கெல்லாம் தள்ளும். திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தாலோ ஆயில் ஆவி நேரே இன்டேக்குக்குப் போய் எரியும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். லேசாக ஒட்டிக்கொண்டால் சரி. காகிதத்தைத் தூக்கி அடித்து, குபுகுபுவென்று ஆவி வந்தால் வால்வு அடைப்போ ரிங் தேய்மானமோ இருக்கிறது. மூடியே கழற்ற முடியாமல் உறிஞ்சிக்கொண்டு, சீட்டியடிக்கும் சத்தமும் கேட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். இதைப் பார்க்காமல் ரிங் வேலைக்குப் போகவே கூடாது.

பி.சி.வி. சரியாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட். இதை அரைகுறையாகச் செய்து தவறான எண்ணை நம்புவதுதான் அதிகம் நடக்கிறது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் அல்ல. இக்னிஷன் காயில்களின் கனெக்டர்களையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் எடுத்துவிட வேண்டும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் காற்றே போகாது. நல்ல இன்ஜினும் மோசமாகக் காட்டும். ஆறு, ஏழு அமுக்கம்வரை அடித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 11 முதல் 14 பார் வரை வரும். உங்கள் இன்ஜினுக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சோதியுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஊற்றிய ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் கசிவு வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) எரிந்திருக்கலாம்.

இப்போது உங்கள் இரண்டு மெக்கானிக்குகளுக்கு வருவோம். பெரும்பாலான கார்களில் ஒரு பிஸ்டனில் மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே இரண்டும் வாயுவை அடக்கப் பெரிதும் உதவுபவை. அடியில் இருக்கும் ஆயில் ரிங், சுவரில் படியும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புகிறது. அதன் பின்னால் பிஸ்டனில் ஆயில் வடிய நுண்ணிய துளைகள் உண்டு. ஆயிலை நாள் கடந்து மாற்றும் வண்டிகளில் கரி படிந்து துளைகள் அடைத்து, ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மேல் ரிங்குகள் நல்ல நிலையில் இருப்பதால் கம்ப்ரஷன் எண் அழகாக வரும். ஆயில் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே நல்ல கம்ப்ரஷன் எண்ணை வைத்து ரிங் சரியாக இருக்கிறதென்று முடிவு கட்ட முடியாது. கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: கறுத்து, ஆயில் நனைந்திருப்பது எந்த சிலிண்டரென்று தெரிந்துவிடும். பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டால் பிஸ்டன் தலையின் கரியும் சுவரில் தயாரிப்பின்போது போட்ட ஹோனிங் கோடுகள் மிச்சம் இருக்கின்றனவா என்பதும் தெரியும். கோடுகள் தெளிவாக இருந்து ஆயில் ரிங் மட்டும் ஒட்டியிருந்தால், சரியான கிரேடு ஆயிலைக் குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. சில வண்டிகளில் குறைகிறது. சுவரில் செங்குத்தாகக் கீறல் இருந்தால் அந்த முயற்சி வீண்.

முக்கால் லிட்டர் என்பதும் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர்வரை 'ஏற்கத்தக்கது' என்று மேனுவலில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாளர்கள் பலர். அது வாரண்டிக்கான கணக்கு. நல்ல இன்ஜின் அவ்வளவு குடிக்காது.

கேள்வி: குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகையும் சைலன்சர் முனையில் தண்ணீர்ச் சொட்டும். பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் குளிர்ந்திருக்கும்போது அது ஆவியாகத் தெரிகிறது, முனையில் சொட்டுகிறது. மெல்லியதாக, வெளியே வந்த சில அடி தூரத்திலேயே கரைந்துபோவது நீராவி. வண்டி சூடான பின்னும் நின்று, தரையோடு தவழ்ந்து போனால் அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாசனை. வாரம் ஒருமுறை கூலண்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. தரையில் ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. ஆயில் மூடிக்கடியில் மோர் போல் ஏதோ இருக்கிறது. ஹெட் கேஸ்கட்தானா?

பதில்: இனிப்பு வாசனையும் குறையும் கூலண்டும் சேர்ந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் போகிறது என்பதில் சந்தேகம் குறைவு. வழி ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம், வெடித்த ஹெட்டாகவும் இருக்கலாம். டீசல் வண்டியென்றால், இன்டேக்குக்குத் திருப்பும் எரிந்த புகையைக் கூலண்டால் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரையும் சந்தேகிக்க வேண்டும். அதன் உள்குழாய் ஓட்டையானாலும் இதே வெள்ளைப் புகைதான். கூலரைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றி, கேஸ்கட் மாற்றி, மறுபடி புகை வந்து திகைப்பவர்கள் உண்டு.

ஆயில் மூடிக்கடியில் உள்ள மோரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரப்பதம் மூடியில் படிந்து இப்படி ஆகும். டிப் ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் வேறு பேச்சு. வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கூலண்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

டிப் ஸ்டிக்கில் ஆயில் அப்படி நிறம் மாறவில்லை என்றால், சோதனைகளை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் சூடாவதற்கு முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால் எரியும் வாயு உள்ளே ஏறுகிறது. அடுத்தது ரசாயனச் சோதனை: கூலண்டின் மேலிருக்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாகும். கூலண்ட் அந்த நீலத் திரவத்துக்குள் ஏறிவிட்டால் முடிவு தவறிவிடும். அதற்காகவே முதலில் கூலண்ட் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் குறைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவதாக அழுத்தச் சோதனை. ஆறிய இன்ஜினில், ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் அளவுக்கு, பொதுவாக 1 பார் அளவில், கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விட வேண்டும். வெளியே ஈரமே இல்லாமல் முள் இறங்கினால் உள்ளேதான் கசிவு. சந்தேகம் தீராவிட்டால் அழுத்தத்தோடு இரவு முழுக்க விட்டு, காலையில் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து செல்ஃப் அடித்தால், கசியும் சிலிண்டரின் துளையிலிருந்து கூலண்ட் பீய்ச்சும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்குகளைப் போட்டபடியே ஸ்டார்ட் செய்தால், நிறைந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். எல்லாப் பிளக்கும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் வெளுத்திருந்தால் அதுவும் சாட்சி.

ஹெட்டைக் கழற்றிய பிறகு கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. கேஸ்கட் எரியக் காரணமே அதற்கு முன்பு வண்டி ஒருமுறை அதிகம் சூடானதாக இருக்கும். அந்தச் சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். நேர்க்கோலை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பார்க்க வேண்டும். பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. மீறினால் முகப்பைச் சீவ வேண்டும். எவ்வளவு சீவலாம் என்பதற்கும் மேனுவலில் அளவு உண்டு. இறுக்கும்போது நீளும் வகை ஹெட் போல்ட்டானால் பழையதை மறுபடி பூட்டக் கூடாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக டார்க் (முறுக்கு விசை) வைத்து, கடைசியில் மேனுவலில் சொன்ன கோணத்துக்குத் திருப்ப வேண்டும். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் மூன்றையும் பார்க்காமல் வண்டியை வாங்கிக்கொண்டு வந்தால் சில மாதத்தில் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

கசிவை அடைக்கும் பொடி பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது ஓட்டையை மட்டும் அடைக்காது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் ரேடியேட்டரையும் சேர்த்தே அடைக்கும்.

கேள்வி: அடர்ந்த வெள்ளைப் புகை வருகிறது. கூலண்ட் துளியும் குறையவில்லை, ஆயிலும் குறையவில்லை. மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்துவிட்டன. பெட்ரோல் கார்.

பதில்: பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். குறைந்திருந்தால், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தளர்ந்தால் பிரேக் ஆயில் வெளியே ஒழுகாது. பின்னால் இருக்கும், மிதிக்கு பலம் சேர்க்கும் பூஸ்டர் டிரம்முக்குள் வடியும். பெட்ரோல் வண்டியில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. தேங்கிய ஆயிலை அதே ஹோஸ் வழியே இன்ஜின் உறிஞ்சி எரிக்கும். சக்கரங்களில் ஒழுகல் இல்லை, தரையில் சொட்டு இல்லை, பின்னால் மட்டும் வெள்ளை மேகம். பூஸ்டர் ஹோஸைக் கழற்றி உட்பக்கம் ஈரமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைத் தளர்த்தி லேசாக முன்னால் இழுத்தால், பூஸ்டரோடு சேரும் இடம் நனைந்திருப்பது தெரியும். புகை இங்கே சின்ன விஷயம். பிரேக் இல்லாமல் போகப்போகிறது என்பதுதான் செய்தி.

கேள்வி: பெட்ரோல் கார், கறுப்புப் புகை, மைலேஜ் பாதியாகிவிட்டது. ஏர் ஃபில்டர் மாற்றியும் பலனில்லை.

பதில்: பலன் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கார்புரேட்டர் காலத்து அறிவுரை அது. ஃபில்டர் அடைத்தால் கார்புரேட்டர் அதிகப் பெட்ரோலை இழுக்கும். கறுப்புப் புகை வரும். இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே போகும் காற்றை சென்ஸார் கணக்கிட்டு, அதற்கேற்ப இ.சி.யு. என்ற இன்ஜின் கணினி பெட்ரோல் விடுகிறது. அடைத்த ஃபில்டர் பிக்கப்பைத்தான் குறைக்கும்.

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். உங்கள் வண்டியில் பெட்ரோல் பங்கு கூடுகிறது. ஸ்கேனரை மாட்டி, ஃபியூயல் ட்ரிம் எண்களை, அதாவது இ.சி.யு. பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். நல்ல வண்டியில் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருக்கும். கழித்தல் 20, 25 என்று காட்டினால், பெட்ரோலைக் குறைக்க இ.சி.யு. முயன்றும் முடியவில்லை என்று பொருள். பி 0172 என்ற பழுதுக் குறியீடும் சேர்ந்திருக்கும். ட்ரிம் ஒன்றும் காட்டாமலே புகைத்தால், ஏதோ ஒரு சென்ஸார் இ.சி.யு.வை ஏமாற்றுகிறது.

அப்படி ஏமாற்றுவதில் முதல் சந்தேகம் கூலண்ட் டெம்பரேச்சர் சென்ஸார்மேல். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது 'இன்னும் குளிர்ச்சிதான்' என்று அது பொய் சொன்னால், குளிர்கால ஸ்டார்ட்டுக்கு விடுவதுபோல் பெட்ரோல் கொட்டும். ஸ்கேனரில் தெரியும் எண்ணை, ஆறிய இன்ஜினில் வெளி வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரால் அளந்தால் பெரும்பாலான சென்ஸார்கள் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும். சூடேறியதும் சில நூறு ஓமாக இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருந்தால் சென்ஸார் உண்மையையே சொல்லும், இன்ஜின்தான் சூடேறாது. பலனென்னவோ ஒன்றுதான்.

அடுத்து பெட்ரோல் அழுத்தம். அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இன்ஜின் பக்கம் உள்ள வண்டியில் அதன் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அதில் பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால் டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் நேரே இன்டேக்குக்குப் போகிறது. இன்ஜெக்டர் ஒழுகினால் வேறு அடையாளம்: சூடாக நிறுத்திய வண்டியைக் கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது மக்கர் செய்யும், டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வரும், சில நேரம் ஆயில் மட்டம் ஏறியும் இருக்கும். அந்த ஆயிலில் வண்டியை ஓட்டாதீர்கள்.

சிலிண்டருக்குள் நேரே பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சைலன்சர் முனையில் கொஞ்சம் கரி படிவது அந்த வகையில் சாதாரணம்.

கேள்வி: டீசல் கார். காலையில் ஸ்டார்ட் ஆகும்போது தடதடவென்று ஆடி, கண் எரியும் வெள்ளைப் புகை. இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் மேட்டில் இழுக்கும்போது கறுப்புப் புகை, பிக்கப்பும் குறைந்துவிட்டது. இரண்டும் ஒரே கோளாறா?

பதில்: பெரும்பாலும் வெவ்வேறு. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை எரியாத டீசல். ஒரு சிலிண்டர் குளிரில் பற்றவில்லை, அதனால்தான் ஆட்டம். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கில் தொடங்குங்கள். மேலிருக்கும் இணைப்புப் பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே ஓம் அளந்தால் நல்லது 2 ஓமுக்குள் காட்டும். இறந்தது ஒன்றுமே காட்டாது. எல்லாம் நன்றாக இருந்தால் ரிலேயைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்பது ஒரு நிமிட வேலை. பேட்டரியில் நேரே தொட்டு, சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் புதிய வண்டிகளுக்கு ஆகாது. குறைந்த வோல்ட்டில் வேலை செய்யும் பிளக்குகள் அதில் எரிந்துபோகும். கழற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த ஹெட்டில் பலத்தைக் காட்டினால் பிளக் உள்ளேயே முறியும். அதை எடுப்பது தனி வேலை. பிளக்கும் ரிலேயும் சரியென்றால் இன்ஜெக்டர் ஒழுகல், கம்ப்ரஷன், பம்ப் டைமிங் என்று போக வேண்டும்.

கறுப்புப் புகைக்குக் காரணம் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாதது. காற்றை அமுக்கி அனுப்பும் டர்போ முதல் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்வரையும் அங்கிருந்து இன்டேக்வரையும் போகும் ஹோஸ்களைக் கையால் பிசைந்து பாருங்கள். நின்ற இடத்தில் ஒன்றும் தெரியாத கீறல், பூஸ்ட் (டர்போவின் காற்றழுத்தம்) ஏறும்போது வாய் பிளக்கும். இழுக்கும்போது 'உஸ்ஸ்' என்ற சத்தமும், ஹோஸின் மேல் ஆயில் தூசி அப்பியிருப்பதும் அடையாளம். அடுத்து இ.ஜி.ஆர். வால்வு. கரி பிடித்துத் திறந்தபடி நின்றால், புதுக் காற்றின் இடத்தை எரிந்த புகையே பிடித்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்தபின் ஸ்கேனரில் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

உங்கள் வண்டியில் டி.பி.எஃப். (டீசல் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால் கறுப்புப் புகையே வெளியில் தெரியக் கூடாது. ஆறிய சைலன்சர் முனையை ஒரு வெள்ளைத் துணியால் உள்ளே துடையுங்கள். கரி ஒட்டினால் ஃபில்டர் வெடித்திருக்கிறது, அல்லது யாரோ அதை ஏற்கெனவே குடைந்து எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: டர்போ டீசல். ஐந்து நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பினால் நீலப் புகை. டர்போ மாற்றச் சொல்கிறார்கள். புகைத்துக்கொண்டே இன்ஜின் தானாக வேகமெடுத்து, சாவியை நிறுத்தினாலும் நிற்காது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: இரண்டாவதிலிருந்து தொடங்குகிறோம். உண்மைதான், ஆபத்தும் அதில்தான். டீசல் இன்ஜினுக்குப் பற்றவைக்கப் பொறி தேவையில்லை. டர்போ சீல் வழியே இன்டேக்குக்குள் கொட்டும் இன்ஜின் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். சாவி டீசலைத்தான் நிறுத்தும், ஆயிலை நிறுத்தாது. மேனுவல் கியர் வண்டியானால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கடைசி கியரைப் போட்டு க்ளட்சைச் சட்டென்று விட்டுவிடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். தயங்கினால் க்ளட்ச் எரிந்துபோகும், பிறகு அந்த வழியும் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் இது நடக்காது. காற்றை அடைப்பதே வழி: இன்டேக் வாயில் தடித்த பலகையை அழுத்துவது, அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை உள்ளே பீய்ச்சுவது. கையையும் துணியையும் வைக்காதீர்கள், உறிஞ்சிவிடும். இன்ஜின் எட்டக் கூடாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். உடைந்து தெறிக்கும்.

முதல் கேள்விக்கு: மாற்றுவதற்கு முன் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதில் பம்ப் கிடையாது; ஆயில் தன் எடையால் வடிய வேண்டும். கரி அடைத்தோ குழாய் மடங்கியோ இருந்தால், வடியாத ஆயில் நல்ல சீலையும் தாண்டி எக்ஸாஸ்ட் பக்கம் வழியும். கிராங்க் கேஸ் மூச்சுக்குழாய் அடைத்தாலும் இதே கதை. இரண்டும் சரியென்றால் டர்போவின் தண்டைத் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்பின்னாகக் கைக்குத் தெரியும்படி நகரக் கூடாது. இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருக்கவே கூடாது. இன்டேக் ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் படலம் எல்லா வண்டியிலும் உண்டு. குளமாகத் தேங்கியிருந்தால்தான் டர்போமேல் பழி.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஆயில் வரும் குழாயையும் புதிதாகப் போட்டு, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்து, புதிய டர்போவின் ஆயில் துளையில் ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட்டு மாட்ட வேண்டும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றைத் தாண்டும் தண்டு அது. முதல் சில நொடி ஆயில் வராவிட்டாலே கெட்டுவிடும். இன்டர்கூலரை வடிக்காமல் விட்டால், மேலே சொன்ன தானாக வேகமெடுக்கும் கூத்து புதிய டர்போவோடும் நடக்கும்.

கேள்வி: ஆயில் மாற்றிக்கொண்டு வந்த மறுநாளிலிருந்து நீலப் புகை. அதுவரை புகை என்பதே கிடையாது.

பதில்: அதிகம் ஊற்றிவிட்டார்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க் ஆயிலைத் தட்டி நுரையாக்குகிறது. நுரை மூச்சுக்குழாய் வழியே இன்டேக்குக்குப் போய் எரிகிறது. பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர். அதை வைத்து எவ்வளவு மிகுதி என்று கணக்கிடலாம். டிப் ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய டியூபை விட்டு, பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடலாம். எடுத்த பின்னும் புகை உடனே நிற்காது. ஏர் ஃபில்டர் டப்பாவிலும் இன்டேக் ஹோஸிலும் படிந்த ஆயிலைத் துடைத்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். புகை சைலன்சரிலிருந்து வராமல் பானட்டுக்கு அடியிலிருந்து வந்தால், ஃபில்டர் கழற்றும்போது எக்ஸாஸ்ட் குழாயில் சிந்திய ஆயில் காய்கிறது. அது ஓரிரு நாளில் எரிந்து தீரும். தீரவில்லை என்றால் ஃபில்டரின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரைப் பூட்டிவிடுவதும் நடக்கிறது.